சர்க்கரை போய்விட்டதாகச் சொன்னவன்

என் வலது காலில் இப்போது மூன்று விரல்கள் இருக்கின்றன. மற்ற இரண்டும் எப்படிப் போயின என்று சபை நடுவில் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்தேன். கேட்டவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தேவராஜ் விசுவாசத்தை விட்டுவிட்டான் என்கிறார் ஒருவர். மயக்க மருந்தில் மூளை குழம்பிவிட்டது என்கிறார் இன்னொருவர். மூளை நன்றாகத்தான் இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தருமபுரிக்குப் பக்கத்தில் இண்டூரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். போர்வெல் மோட்டார் எரிந்துபோனால் பழைய காயிலைப் பிரித்தெடுத்துப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது வேலை. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அன்றைக்கு நான் எங்கள் சபையின் மூப்பர். பாஸ்டருக்கு அடுத்தபடி முன்வரிசையில் உட்காருகிற ஆள், திருவிருந்துத் தட்டை ஏந்துகிற ஆள். அந்த நாற்காலி எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

எனக்குப் பல வருடமாகச் சர்க்கரை உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்பு நாற்பது நாள் உபவாசம் இருந்தேன். பகலில் சாப்பாடு இல்லை, இரவில் கொஞ்சம் களி. மாத்திரையையும் நிறுத்திவிட்டேன். முடிவில் வெறும் வயிற்றில் ரத்தம் சோதித்தபோது சர்க்கரை நூற்றுப் பத்து. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஞாயிறே எழுந்து நின்று, கர்த்தர் என் சர்க்கரையை எடுத்துப்போட்டார், இனி எனக்கு மாத்திரை இல்லை என்று சாட்சி சொன்னேன். சபையே கைதட்டியது. வயதானவர்கள் வந்து என் கையைப் பிடித்து அழுதார்கள்.

ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்து ஐந்தாவது வாரம் மறுபடி சோதித்தேன். இருநூற்றுத் தொண்ணூறு. நாற்பது நாள் சோறு குறைத்தால் சர்க்கரையும் குறையும் என்பதை எந்த நர்ஸைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். நான் யாரையும் கேட்கவில்லை. தருமபுரிக்குப் பஸ் ஏறிப்போய், என்னைத் தெரியாத மருந்துக் கடையில் பழைய மாத்திரையை வாங்கிவந்து, கடையில் காலி பேரிங் டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். கடை திறந்த நாளில் சாப்பிடுவேன். ஞாயிறு கிடையாது. என் மனைவி சுகந்தி மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கும் கிடையாது. என் சுகத்தைக் கொண்டாடி அவள் காலையில் சர்க்கரை போட்டுக் காபி தருவாள். அதையும் குடிப்பேன், நல்லாயிருக்கு என்றும் சொல்வேன்.

இப்படி இரண்டு வருடம் ஓடியது. ஒரு நாள் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஒரு துண்டுச் செம்புக் கம்பி என் சுண்டுவிரலுக்குக் கீழே ஏறியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. எத்தனை நாள் அதோடு நடந்தேன் என்றும் தெரியாது. சுகந்திதான் வீட்டில் ஏதோ செத்த எலி நாற்றம் அடிக்கிறது என்று அரிசி மூட்டையெல்லாம் நகர்த்திப் பார்த்தாள். மோப்பம் பிடித்துக்கொண்டே கடைசியில் என் பாதத்தில் வந்து நின்றாள்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, நைலான் நூல் மாதிரி ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். தொடும்போது சொல்லுங்க ஐயா என்றார். நான் காத்துக்கொண்டே இருந்தேன். அவர் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்தேன். கண்ணைத் திறக்கச் சொன்னபோது, பத்து இடத்தில் தொட்டாயிற்று என்றார். சர்க்கரை வருடக்கணக்கில் கூடியே இருந்தால் பாதத்து நரம்புகள் செத்துவிடுமாம். முள் குத்தினாலும் சேதி மேலே வராது. எக்ஸ்ரேயில் விரல் எலும்பு அரித்திருப்பது தெரிந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. அதில் பன்னிரண்டுக்கு மேல் வந்தது. ஏழுக்குள் இருக்க வேண்டுமாம்.

"மாத்திரை எதுவும் சாப்பிடறீங்களா ஐயா?" என்று கேட்டார்.

சுகந்தி பக்கத்தில் நின்றாள். எங்களைக் காரில் ஏற்றிவந்த பாஸ்டரும் நின்றார்.

"இல்லீங்க. நிறுத்தி ரெண்டு வருசமாச்சு" என்றேன்.

டாக்டரம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டார். நான் சொன்னதை நம்பித்தான் எனக்கு இன்சுலின் அளவு போட்டார்கள். நானோ டப்பாவிலிருந்து எடுத்துவந்த மாத்திரைப் பட்டையை மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் பார்வையாளர் நேரத்தில் எஸ்தர் அக்கா வந்தார். எங்கள் சபைதான். கூலிக்குச் சாமந்தி பறிக்கப் போகிறவர். மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். ஆனாலும் மூப்பரே என்றுதான் கூப்பிடுவார். வேகவைத்த வேர்க்கடலையை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தார்.

"காலு போனா என்னாங்க மூப்பரே, கர்த்தரு காப்பாத்துவாரு. உங்க சாட்சிய கேட்டுத்தான நானும் நிறுத்துனேன்."

"என்னத்தக்கா நிறுத்துனீங்க?"

"சக்கர மாத்திரையத்தாங்க. நீங்க சொன்ன அன்னைக்கே வூட்டுக்குப் போயி குப்பையில கொட்டிட்டேன். ரெண்டு வருசம் ஆவுது. இப்பதான் கண்ணு கொஞ்சம் பொக மாதிரி தெரியுது. பூவு எது, மொக்கு எதுன்னு தெரிய மாட்டேங்குது. தோட்டக்காரரு சத்தம் போடறாரு. நீங்க ஒரு வார்த்த ஜெபம் பண்ணுங்க."

சொல்லிவிட்டுக் கட்டில் பக்கம் குனிந்தார். தலை என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தத் தலையில் கையை வைத்து, உரத்த குரலில், நல்ல வார்த்தைகளாகத் தேடியெடுத்து, அந்தக் கண்களுக்காக ஜெபம் செய்தேன். பக்கத்துக் கட்டில்காரர்கள்கூடக் கண்ணை மூடிக்கொண்டார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். அந்த ஜெபத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மறுநாள் காலை என் விரல்களை எடுப்பதாக இருந்தது. வெறும் வயிற்றோடு இருக்கச் சொன்னார்கள், அன்றைக்கு இன்சுலினும் போடவில்லை. நான் யாரும் பார்க்காதபோது வழக்கம்போல என் மாத்திரையை விழுங்கினேன். அறுவைக்கு எனக்கு முன்னால் அவசரக் கேஸ் ஒன்று வந்துவிட்டது. மணி பதினொன்று ஆகியும் கூப்பிடவில்லை. எனக்கு வேர்க்கத் தொடங்கியது. கை நடுங்கியது. சுகந்தி ஏதோ கேட்க, மூணு ஃபேஸ் லைன்ல ஒரு ஃபேஸ் இல்லை என்று சொன்னேனாம். அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை.

சர்க்கரை கூடினால் மெதுவாக அரிக்கும், தாழ்ந்தால் உடனே ஆளைச் சாய்த்துவிடும் என்று பிறகு விளக்கினார்கள். என் விரலில் குத்திப் பார்த்தபோது நாற்பத்திரண்டு இருந்ததாம். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றி என்னை எழுப்பினார்கள். டாக்டரம்மா குனிந்து, "ஐயா, இன்சுலினே போடலையே. வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

செத்துப் பிழைத்து மூன்று நிமிடம்தான் ஆகியிருக்கும். அப்போதும் என் வாயிலிருந்து வந்தது "இல்லீங்க" என்பதுதான்.

ஏதோ தாளில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. என் கண்ணாடியை எடுத்துத் தருவதற்காகச் சுகந்தி கூட்டைத் திறந்தாள். பட்டை கட்டிலில் விழுந்தது. டாக்டரம்மா அதை எடுத்துப் பார்த்தார். திட்டவில்லை. எப்போதிலிருந்து, தினமும் எத்தனை என்று மட்டும் கேட்டு, எழுதியிருந்ததை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். அவர் போன பிறகு சுகந்தி கண்ணாடிக் கூட்டை மூடி வைத்தாள். அப்புறம் சொன்னாள்:

"ரெண்டு வருசமா என் கையால சக்கர போட்டு காபி குடுத்திருக்கேன். ஒரு நாளு வேணான்னு சொல்லியிருக்கலாமில்லீங்க."

அழுதேன். அவள் தண்ணீர் நனைத்த துண்டால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். அதைச் செய்ய அவளுக்கு அன்றைக்கு ஒரு கடமையும் இல்லை.

சாயங்காலம் முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து விரல்களை எடுத்தார்கள். எனக்கு நினைவு இருந்தது, வலி இல்லை. என் காலுக்கு அந்த ஊசியே தேவையிருக்கவில்லை என்று தோன்றியது.

அதன்பின் ஒன்பது நாள் வார்டில் கிடந்தேன். காலையில் கட்டுப் பிரித்து, செத்த சதையைச் சுரண்டிக் கழுவி, மறுபடி கட்டுவார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வார்டு அடங்கிவிடும். அந்த நேரத்தில்தான் ஒரு வேலையைத் தொடங்கினேன். எங்கள் சபையில் திருவிருந்துக்கு முன்பு பாஸ்டர் இரண்டு நிமிடம் மௌனம் கொடுப்பார். அவரவர் தன்னைத்தானே சோதித்துப் பார்க்க வேண்டிய நேரம் அது. பதினான்கு வருடம் நான் அந்த இரண்டு நிமிடத்தில் செய்தது, யார் கண்ணை மூடவில்லை என்று நோட்டம் விட்டதுதான். கணக்குப் பார்த்தால் எனக்கு நிறைய நிமிடங்கள் பாக்கி இருந்தன.

கடைக்கு எரிந்த மோட்டார் கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் வோல்டேஜ் சரியில்லை என்பார்கள். கிணற்றில் தண்ணீர் வற்றிய பிறகும் ஓட்டினேன் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. பிரித்துப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். நானும் முதலில் வோல்டேஜ் கதைதான் சொல்லிக்கொண்டேன். கர்த்தருடைய நாமம் மகிமைப்பட வேண்டுமென்று சொன்னேன் என்று. கொஞ்சம் பிரித்தேன். கைதட்டலுக்காகச் சொன்னேன் என்று தெரிந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் வசதியாக இருந்திருக்கும், பெருமை என்று பெயர் வைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருப்பேன். அடுத்த நாள் இன்னும் பிரித்தேன். அடியில் கிடந்தது பயம். நாற்பது நாள் கெஞ்சியும் கர்த்தர் எனக்குச் சுகத்தைத் தரவில்லை என்றால், அவருக்கு நான் யார்? அந்தக் கேள்வியை அவரிடம் நேராகக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் தந்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லி, அவருக்காக நானே பொய் சொல்லி, அவர் மானத்தைக் காப்பாற்றுகிறவன் மாதிரி நடந்துகொண்டேன்.

அன்றைக்கு மதியம் கண்ணைத் திறந்துகொண்டே ஜெபம் செய்தேன். நல்ல வார்த்தை எதுவும் தேடவில்லை. "ஆண்டவரே, எனக்குச் சர்க்கரை இருக்கு. நீங்க எடுக்கலை. எனக்கு அது வருத்தம். நான் பொய் சொன்னேன். எஸ்தர் அக்கா கண்ணு என்னாலதான் போகுது." அவ்வளவுதான். வெளிச்சம் எதுவும் தெரியவில்லை, குரல் எதுவும் கேட்கவில்லை. நெஞ்சில் இரண்டு வருடமாக இறுகிக் கிடந்த ஒன்று தளர்ந்தது. மூச்சு வயிறுவரை போய்வந்தது. கேள்விக்குப் பதில் கிடைத்ததா என்றால், இல்லை. கேட்டவனை அவர் விரட்டவில்லை என்பது மட்டும் தெரிந்தது. எனக்கு அது போதும் என்றிருந்தது.

போதும் என்று படுத்துவிட முடியாது. அக்காவின் கண் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. சுகந்தியின் போனை வாங்கி அவருக்குப் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏங்க மூப்பரே, வெரலு போனதும் விசுவாசமும் போச்சுங்களா? சோதன நேரத்துல சாத்தான் இப்புடித்தான் பேச வெப்பான். நான் உங்களுக்காக உபவாசம் இருக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இந்த அம்மாள் சர்க்கரையோடு எனக்காகப் பட்டினி வேறு கிடக்கப் போகிறார். பொய்யைச் சபை நடுவில் சொன்னேன், உண்மையைப் போனில் சொன்னால் யார் நம்புவார்கள்? அந்த ஞாயிறே சபையில் நின்றாக வேண்டும் என்று முடிவு செய்தேன். காயம் ஆறட்டுமே என்றாள் சுகந்தி. டாக்டரம்மாவிடம் கேட்டேன். காலைத் தரையில் ஊன்றக்கூடாது, வாக்கரில் போய் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்றார்.

பாஸ்டர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, கால் தப்பியதற்கு ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லச் சொன்னார். நான் சொல்லப்போகும் சாட்சி எது என்று சொன்னேன். அவர் நல்ல மனிதர்.

"சபையில சொல்லணுங்களா பிரதர்? புதுசா வர்றவங்க விசுவாசத்துல இடறிப் போயிடுவாங்க. கர்த்தர்கிட்ட சொல்லியாச்சு. அவரு மன்னிச்சிட்டாரு. அது போதுமே."

"கர்த்தரு மாத்திரைய நிறுத்தலீங்க பாஸ்டர். எஸ்தர் அக்கா நிறுத்திட்டாங்க" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கிளம்பும்போது, பத்து நிமிடம் தருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஞாயிறு காலை ஆட்டோவில் போய், வாக்கரில் முன்னால் வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பேசினேன். உபவாசம், நூற்றுப் பத்து, இருநூற்றுத் தொண்ணூறு, டப்பா, கண்ணாடிக் கூடு, எதையும் விடவில்லை. என் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தியவர்கள் நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று கெஞ்சினேன். மூப்பர் பொறுப்பை விட்டுவிடுகிறேன் என்றேன். ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. தகரக் கூரைக்குக் கீழே ஃபேன் சுற்றுகிற சத்தம்தான்.

பெண்கள் பக்கத்திலிருந்து எஸ்தர் அக்கா எழுந்தார். பாயைத் தாண்டி என் முன்னால் வந்து நின்றார். என் முகம் அவருக்கு எவ்வளவு தெரிந்ததோ.

"ஆஸ்பத்திரியில என் தலையில கைய வெச்சு ஜெபம் பண்ணயே. அப்பவும் தெரியுமா உனக்கு?"

"தெரியுங்க்கா."

பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆராதனை முடியும்வரை திரும்பி வரவில்லை. அடுத்த மூன்று நாளும் யார் வீட்டிலும் அவரைப் பற்றித் தகவல் இல்லை. போன் எடுக்கவில்லை. சுகந்தி அவர் வீட்டுக்குப் போனபோது கதவு பூட்டியிருந்தது. என்னைப் பார்த்து வழக்கமாகக் கும்பிடுகிற இரண்டு பேர் ரோட்டின் அந்தப்பக்கம் மாறி நடந்தார்கள். எனக்கு வலித்தது. ஆனால் அந்த இரவுகளில் நான் நன்றாகத் தூங்கினேன், இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது. வீட்டில் சுகந்தியின் எதிரில் உட்கார்ந்து மாத்திரை விழுங்கினேன், ஊசி போட்டுக்கொண்டேன். காபியில் சர்க்கரை கிடையாது.

வியாழக்கிழமை கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்டு முடித்துச் சுகந்தி மருந்து வாங்கப் போயிருந்தாள். சர்க்கரை நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் இருந்த பெஞ்சில் நான் உட்கார்ந்தேன். எனக்கு மூன்றாவது ஆளாக எஸ்தர் அக்கா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தாரா, பார்க்கவில்லையா என்று தெரியவில்லை. பேச்சுக் கொடுக்கலாமா என்று யோசித்து, வாயை மூடிக்கொண்டேன். என் வாயால் அவருக்கு நடந்தது போதும்.

நடுவில் இருந்தவர் எழுந்து போனார். அக்கா கையிலிருந்த சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், மறுபடி பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு என் பக்கம் திரும்பாமல் அதை என் முன்னால் நீட்டினார்.

"சக்கர எவ்வளவுன்னு போட்டிருக்குதாம். எனக்குத் தெரியல. படி."

வாங்கிப் பார்த்தேன். கொஞ்சம் குறைத்துச் சொல்லலாமா என்று ஒரு கணம் மனம் அசைந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடாது.

"முந்நூத்தி அறுவத்தெட்டுங்க்கா."

"நல்லா பாத்து சொல்லு."

"முந்நூத்தி அறுவத்தெட்டு. ரொம்ப அதிகங்க்கா. கண்ணு டாக்டரையும் இன்னைக்கே பாக்கணும்னு கீழ எழுதியிருக்காங்க."

சீட்டைத் திரும்ப வாங்கி நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து அவர் பேரைக் கூப்பிட்டார்கள். எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு இரண்டு அடி நடந்து நின்றார்.

"உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத. உள்ள டாக்டரு சொல்றது எனக்குப் பாதி மறந்து போயிடும். நீயும் வந்து கேளு. அவரு சொன்னத சொன்னபடி அப்புறம் எனக்குச் சொல்லோணும்."

"சொல்றேங்க்கா" என்று சொல்லி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.